எந்தத் தெரு என்று கேட்காதவள்

முதல் நாள் வகுப்பில் நாங்கள் ஏழு பேரும் பொய் சொன்னோம். அறுபதுகளின் தொடக்கம் அது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வருகிற தகராறுகளைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று இரண்டு வருஷம் சொல்லித்தரும் பட்டமேற்படிப்பு மதுரையில் ஒரு கல்லூரியில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பேராசிரியர் லேபர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கிருந்து வருகிறீர்கள், இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுந்து நின்று சொல்லச் சொன்னார்.

ராணுவத்திலிருந்து விலகி வந்த நாற்பது வயதுக்காரர் தேசசேவை என்றார். மில் முதலாளியின் மகன் தொழிலாளர் மீதுள்ள அன்பு என்றான். பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன் சமாதானம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் எதையும் நம்பவில்லை. ராணுவக்காரர் போலீசுக்குச் சேதி சொல்ல வந்தவர், மில்காரன் வேலைநிறுத்தத்தை உடைக்கக் கற்றுக்கொள்ள வந்தவன், மூன்றாவது ஆளை ஏதோ தப்புக்காகத் துரத்தியிருப்பார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் முறை வந்தபோது, ஊர் சாத்தூர், அப்பாவுக்கு விவசாயம் என்றேன். ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் உழுது செத்தார். அவர் போன பிறகு அம்மா வெடிக் கம்பெனியில் சரம் பின்னப் போனாள். நிலம் யாருடையது என்று வகுப்பில் யாரும் கேட்காததால் விவசாயம் என்பது முழுப்பொய் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து வயதிலிருந்து விடுதி விடுதியாக வளர்ந்தவள் நான். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் நான் சிரிப்பேன். அந்தக் குணம் எத்தனையோ இடத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு பெண் இருந்தாள். இருபத்தாறு வயது, கணவனை இழந்தவள், வெம்பக்கோட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். நிறமே தெரியாத வெளிறிய சேலைகளாகக் கட்டுவாள். ஏன் வந்தீர்கள் என்று பேராசிரியர் கேட்டதற்கு, "வீட்டுல இருக்க முடியலை சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இப்போது நினைத்தால் அன்று ஆறு பேர்தான் பொய் சொன்னோம். அன்றைக்கு அதையும் பொய் என்றுதான் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஜில்லாவில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். எந்த ஊரு, அந்த ஊர்ல எந்தத் தெரு, தெருவுல யாரு வீடு. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னாலே போதும், உங்களுக்குத் தண்ணீர் செம்பில் வருமா, கையில் ஊற்றப்படுமா என்பது முடிவாகிவிடும். ராணுவக்காரர் முதல் நாளே கேட்டார். ரயிலடிப் பக்கம் என்று மழுப்பினேன். மில்காரன் இரண்டாவது வாரம் கேட்டான். அவள் மட்டும் கேட்கவே இல்லை. மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்துகிறாள், ஊர் சாத்தூர் என்றதோடு விட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காமல் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவளுக்குப் பதில் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் நினைத்தேன். என் அப்பா உழுத நிலம் இவள் சொந்தக்காரர்கள் நிலமாகக்கூட இருக்கலாம்.

இரண்டாம் வருஷம், தீபாவளி சீசன் நெருங்கும்போது, பேராசிரியர் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் தகராறு. பெண்கள் பாதிப்பேர் வேலைக்கு வராமல் உட்கார்ந்துவிட்டார்கள், ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது. பேராசிரியர் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக முதலாளியும் சொல்லிவிட்டார், பெண்களும் சொல்லிவிட்டார்கள். பெண்களிடம் வாக்குமூலம் எழுத நாங்கள் வேண்டும் என்றார். கம்பெனியின் பெயரையும் சொன்னார். அது என் அம்மா வேலை பார்க்கும் கம்பெனி.

தகராறு தண்ணீர்ப் பானையால் வந்தது. முன்பெல்லாம் அங்கே எங்கள் தெருப் பெண்கள் மட்டும்தான் வேலை பார்த்தார்கள். மழை பொய்த்த வருஷங்களில், மானாவாரி நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண்களும் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து சரம் பின்ன வந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு பானை வேப்பமரத்தடியில் வந்தது. எங்கள் பானை வெடி காயவைக்கும் களத்தின் ஓரத்துக்கு, வெயிலுக்குப் போனது. ஒரு மத்தியானம் எங்கள் பெண் ஒருத்தி வேப்பமரத்தடிப் பானையில் மொண்டு குடித்துவிட்டாள். வெம்பக்கோட்டைப் பெண்கள் தீட்டு என்று அந்தப் பானையைப் போட்டு உடைத்தார்கள். அவளை வேலையை விட்டு அனுப்பினால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குடித்தவள் என் அம்மா.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட வழக்கில் மாணவர்கள் எழுதக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பான விதி. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்னை விலக்கிவிட்டு அவளை மட்டும் அனுப்புவார். என் அம்மாவின் பிழைப்பை அவள் கையில் விட எனக்கு மனமில்லை. அம்மாவுக்கு முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லியனுப்பினேன், என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று. எங்கள் தெருப் பெண்களுக்கு அம்மா சொல்லி வைத்தாள். வெம்பக்கோட்டைப் பெண்களுக்கு என்னைத் தெரியாது.

ரயிலில் மதுரையிலிருந்து சாத்தூர் போகும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். விருதுநகர் ஸ்டேஷனில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தாள். அவள் ஊர்க் கண்மாய், பருத்தி, நாத்தனார் என்று எல்லாம் சொன்னாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளரிப்பிஞ்சைக் கடிக்கும்போதெல்லாம் இவளுக்கு எம்புட்டுத் தெரியும் என்பதே என் யோசனை.

கம்பெனியில் ஒரு மேஜையைப் போட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார் பேராசிரியர். ஒருவர் சொல்வதை இரண்டு பேர் தனித்தனியாக எழுத வேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, பிறகு அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார். அது அவருடைய முறை, எழுதும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். முதலில் வெம்பக்கோட்டைப் பெண்கள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் அவளைப் பார்த்ததும், "என்ன மதினி, இங்கன எங்க வந்தீக?" என்றார்கள். அவள் முகம் மாறியது. தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தாள். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பிறகு அம்மா வந்து நின்றாள். விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

"உக்காருங்கம்மா. அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நிக்கேன்மா, பரவாயில்ல. அன்னைக்கு வெயில் தாங்கலை. எங்க பானை காலியாப் போச்சு. போர்மேன் அய்யாகிட்ட கேட்டேன். அந்தப் பானையில மோந்து குடி, யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்னு அவுகதான் சொன்னாக. இல்லேன்னா நான் அந்தப் பக்கம் போவேனாம்மா? இத்தனை வருசத்துல ஒருநா போனதில்ல."

போர்மேன் பெயர் வந்த இடத்தில் என் பேனா நின்றது. இந்தத் தாள் பேராசிரியரிடம் போகும் முன்பே பக்கத்தில் இருப்பவள் வாய் வழியாகப் போர்மேனுக்குப் போய்விடும், அம்மா தன்னைக் காட்டிக்கொடுத்ததாக அவன் நினைப்பான், இன்று தப்பினாலும் நாளை வெடிமருந்து கலக்கும் ஆபத்தான அறைக்கு மாற்றிப் பழிவாங்குவான் என்றெல்லாம் ஓடியது. ஒரு தாளிலாவது அவன் பெயர் இல்லாவிட்டால் அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று சாதிக்கலாம். என் தாளில், தாகம் தாங்காமல் குடித்ததாகச் சொல்கிறார் என்று மட்டும் எழுதி முடித்தேன். பக்கத்தில் அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.

அம்மா போனதும் அவள் தன் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். போர்மேனையும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு பையன் காப்பி கொண்டுபோனதையும், களத்திலிருந்து இரண்டு பேர் உள்ளே போனதையும் பார்த்தேன். எல்லாம் நான் நினைத்தபடியே நடப்பதாகத் தோன்றியதில், கோபத்தோடு ஒரு திருப்தியும் வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நேரே பேராசிரியரிடம் போனேன். "சார், பானையை உடைச்சவங்க எங்கூட எழுதறவங்களோட சொந்தக்காரங்க. மதினின்னு கூப்பிட்டதை என் காதால கேட்டேன். அவங்க எழுதினதை நம்ப முடியாது" என்றேன்.

அவர் அவளை வரவழைத்துக் கேட்டார். அவள் மறுக்கவில்லை. "ஆமா சார். இங்க வந்துதான் தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றாள். இனி இந்த வழக்கைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லித் தாளை வாங்கினார். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அவள் நகர்ந்த பிறகு என்னிடம், "நான் இதைப் படிக்கப் போறதில்லை. படிச்சா மனசு சாயும். உன் தாள் போதும். முடிவை நாளைக் காலையில எழுதி அனுப்பிடுவேன்" என்றார். நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் என் அம்மாவுக்கு வினையாக வந்தது.

சாயங்காலம் சாத்தூர் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் பத்தடி தள்ளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்மேல் அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. "மேனேஜர் ரூம்ல என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"பேசக் கூடாதுன்னாரு. உங்ககிட்ட சொன்னா என்ன" என்று குரலைத் தணித்தாள். "அந்த அம்மா சொன்னது நெசமான்னு மேனேஜர் முன்னால வச்சுப் போர்மேன்கிட்ட கேட்டேன். மொதல்ல இல்லைன்னான். களத்துல அன்னைக்குத் திரி வெட்டிக்கிட்டு இருந்த ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். அப்புறம் ஒத்துக்கிட்டான். என் தாள் அடியிலேயே கையெழுத்து வாங்கிட்டேன். என்னைத் தள்ளி வச்சா என்ன, சார் படிச்சா அந்த அம்மா வேலை தப்பிச்சிரும். எங்க மதினிமாருகதான் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கப் போறாக."

சார் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல், "நீங்க ஏன் ஒருநாகூட என்னை எந்தத் தெருன்னு கேக்கலை?" என்றேன்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேட்டு, நீங்க பதில் சொல்லி, அதுக்கப்புறம் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட என் மனசு வராமப் போச்சுன்னா? எங்க வீட்டுல வளந்த மனசு அது. எனக்கு அதுமேல நம்பிக்கை இல்லை. அதான் கேக்கலை."

பத்தடி நடந்தால் போதும். பேப்பரை மடிக்கச் சொல்லி, அந்தத் தாளைப் படியுங்கள் சார், நான் பாதியை விட்டுவிட்டேன், அது என் அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் படிப்பு போகும், விடுதி போகும், அதுவரை எங்கள் தெருவிலிருந்து யாரும் வந்து சேராத இடம் போகும். எழுந்துகூட நின்றேன். வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் போன முடிவில், பானையை உடைத்தவர்களுக்கு எச்சரிக்கை என்றும், வேலை தடையில்லாமல் நடப்பதற்காக தண்ணீர் குடித்த பெண்ணை விலக்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. பானைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சொந்தக்காரிகளுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கினாள் என்ற செய்தி அவள் மாமனார் வீட்டுக்குப் போயிற்று. ஒரே மாதத்தில் படிப்பை நிறுத்தி அவளை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். நான் தேறினேன். நல்ல மார்க்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா ரொம்ப தூரத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பாதத்தில் வெடிப்பு விட்டிருந்தது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளிடம், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "கூட வந்தவ அவங்க சொந்தக்காரிம்மா. அவளாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, அன்று மேஜைக்கு முன்னால் பார்க்காத என் முகத்தை இப்போது பார்த்தாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தாயி. ஆனா நான் பேசி முடிக்கிற வரைக்கும் உங்க ரெண்டு பேர் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளை கை கடைசி வரைக்கும் ஓடுச்சு. உன் கைதான் போர்மேன் பேரைச் சொன்னதும் நின்னுபோச்சு."