நிரப்பி வைத்த டேங்க்

இந்த ஊரில் குளிர் வருவதற்கு முன்னால் புல் வெட்டும் இயந்திரத்தைப் பட்டினி போடுகிறார்கள். மினசோட்டாவில் எனக்கு இது முதல் அக்டோபர். சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு கார்ல் தன் இயந்திரத்திலிருந்த பெட்ரோலை டப்பாவில் வடித்துவிட்டு, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டார். அது இருமி நின்றது. ரிப்பேரா என்று அனுதாபமாகக் கேட்டேன். ரிப்பேர் ஆகாமலிருக்கத்தான் என்று சிரித்தார். எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாய் இளகிக் கசியும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பெட்ரோலிலும் எத்தனால் கலக்கிறார்கள்.

ஏப்ரலில் நகரியிலிருந்து கிளம்பும்போது, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் பழைய ஸ்கூட்டருக்கு டேங்க் ததும்பப் பெட்ரோல் போட்டு வைத்தவள் நான். தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்தபோது எங்கள் சொந்தத்தில் பாதி திருத்தணிப் பக்கமும் பாதி நகரிப் பக்கமும் ஆகிவிட்டது. யாராவது வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். கிளம்புகிறவர் எதையும் வெறுமையாக விட்டுப் போகக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அரிசிப் பானை, தண்ணீர்க் குடம் எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் படியிறங்குவோம். திரும்பி வருவேன் என்று அதற்கு அர்த்தம். முழங்கால் வலியால் நைனா வண்டியைத் தொடுவதில்லை. திருட்டுக்குப் பயந்து முன்னறையில், சாமி விளக்குக்கு நாலடி தள்ளி நிறுத்தியிருக்கிறார். அங்கே அது விளக்கேற்றும் நேரம். போன் போட்டேன்.

"நைனா, வூட்ல பெட்ரோல் நாத்தம் அடிக்குதா?"

"ஒரு வாரமா லேசா அடிச்சிக்கினுதான் கீது. இரு, வெளக்க ஏத்திட்டு வரேன்."

"ஏத்தாத நைனா! தீப்பெட்டிய வெச்சிட்டு வெளிய போ!"

போனில் அவர் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் கூச்சல் கேட்டுக் கோப்பையோடு ஓடிவந்த கார்ல், தான் எதையோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார். நைனாவைக் கொன்றுவிட்டேன் என்றே அந்த நிமிடம் நம்பினேன்.

"வண்டியாண்ட தரையெல்லாம் ஈரமா கீதும்மா." தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்த நைனா சொன்னார். "நான் தண்ணின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எதிர்வீட்டுக்காரர்கள் வந்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். மறுநாள் நைனா கூப்பிட்டார்.

"மெக்கானிக்கு பைப்ப மாத்திட்டு, பெட்ரோல் மொத்தத்தையும் வடிச்சிட்டாம்மா. டேங்கு காலியா கீது." பிறகு கேட்டார்: "நீ வருவ இல்ல?"

வருவேன் என்றேன். பிறகு, எங்கள் புல் வெட்டும் இயந்திரத்தையும் வெளியே இழுத்து ஓடவிட்டேன். அது இருமி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். இரண்டு ஊரிலும் இப்போது என் டேங்க் காலி.