தராசில் ஏறிய கிளாக்கர்

ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்த நான், கல்முனைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை கேட்டுப் போனேன். முதலாளி ஹாஜியார் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு நெல் மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, “ஏறுங்க காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். பகிடியென்று நினைத்து ஏறியதுதான் நான் விட்ட பிழை. நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

“இந்த உடம்போட ஓடியாட ஏலா. பழைய கிளாக்கர்ட சம்பளத்துல ஐயாயிரம் குறைச்சுத்தான் தருவன்.”

நாற்காலியில் இருந்து எழுதும் வேலைக்கு எதற்கு ஓட்டம்?

“ஹாஜியார், மூட்டைக்கு நிறை கூடினா விலையும் கூடுது. எனக்கு மட்டும் ஏன் குறையுது?”

“ஈர நெல்லெண்டா கழிப்பம்தானே!”

“இருபது வருஷம் எழுதிக் காய்ஞ்ச கை இது. ஈரமில்ல” என்று இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது வேறோர் ஆலையில் முழுச் சம்பளத்துக்கு எழுதுகிறேன். அங்கேயும் முதல் நாள் முதலாளி தராசைக் காட்டினார். “முதல்ல நீங்க ஏறுங்க” என்றேன்.