ராஜா பாய் என்கிற ராஜபாய்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு ராஜபாயின் பெயர் தெரிந்திருக்காது, கையைத் தெரியும். கால் கிலோ கேட்டு வந்தாலும் ஓலைக் கொட்டானிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து, கல்லில் ஒரு தட்டுத் தட்டி, பிளந்து உள்பக்கத்தைக் காட்டுவாள்.

"பாத்துக்கிடுங்க. சீனி கலந்ததுன்னா உள்ள மினுங்கும். இது மினுங்காது."

வாங்காமல் போகிறவருக்கும் ஒரு துண்டு உண்டு.

"உடைச்சு உடைச்சே கடைய மூடப்போறா" என்பார் கணவர் யோசுவா. சொல்லிக்கொண்டே அடுத்த கருப்பட்டியை எடுத்து அவள் கையில் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக இதுதான் நடக்கிறது.

பக்கத்தில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் சஜிதான், இந்தக் காலத்தில் வெப்சைட் இல்லாமல் ஆகாது என்று சொன்னான். யோசுவா யோசித்துப் பார்த்து, "போடு. ஆனா பேரு அவளுக்கதா இருக்கணும். உடைச்சுக் காட்டுறது அவதான" என்று சொல்லிவிட்டார். ராஜபாய்க்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளே சந்தோஷமாகவும் இருந்தது.

அதுவரை அவளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய சஜி, பெயரைக் காதில் கேட்டபடி டைப் செய்தான். கம்ப்யூட்டர் அதை 'ராஜா பாய்' என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டது. ரெடிமேடாக வந்த பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு மீசைக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். இப்போதைக்கு இருக்கட்டும் என்று சஜி அவரையும் விட்டுவைத்தான். இங்கே வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களை எல்லாரும் 'பாய்' என்றுதான் அழைப்பார்கள். பெயரையும் படத்தையும் பார்த்தவர்கள், யாரோ வடக்கத்திக்காரன் கருப்பட்டி விற்கிறான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஓணத்துக்கு ஒரு பரிசுப் போட்டி வைத்தார்கள். பெயரும் ஊரும் போன் நம்பரும் எழுதி அனுப்பினால் போதும், ஒருவருக்கு மிக்ஸி. இருநூற்றுப் பதினாலு பேர் எழுதினார்கள். கம்ப்யூட்டரே ஆளைப் பொறுக்கும் என்றான் சஜி. ராஜபாய் கேட்கவில்லை. பெயர்களைச் சீட்டில் எழுதி, காலிக் கொட்டானில் போட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, ஒன்றை எடுத்தாள். ரெம்யா, சாயாக்கடை, கல்லாறு.

உடனே போன் போட்டாள்.

"மோளே, ராஜபாய் பேசுறேன், ஆரியசாலையிலேருந்து. ஒனக்கு மிக்ஸி விழுந்திருக்கு."

"ராஜா பாய் ஆம்பளை அல்லே? தலைப்பாகை கட்டின ஆளைப் படத்துல பார்த்தேனே."

"அது நான் இல்ல மோளே."

"கண்டோ, நீங்களே சொல்லியாச்சு" என்று போன் வைக்கப்பட்டது.

மறுபடி கூப்பிட்டபோது, இனி விளித்தால் போலீசில் சொல்லுவேன் என்று பதில் வந்தது.

இதற்குள் வெப்சைட்டில் ஆட்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். சஜி வாசித்துக் காட்டினான். 'இந்தப் பரிசெல்லாம் யாருக்காவது கிடைத்ததுண்டா?' என்று ஒருவர். 'பாயோட மாமியாருக்குக் கிடைக்கும்' என்று இன்னொருவர். ராஜபாய்க்கு முகம் வாடிவிட்டது. யார் பெயரை எப்படி எழுதியிருந்தாலும், பொய் என்று அவர்கள் சொல்வது அவளைத்தானே?

"விடுங்க அக்கா. வேற சீட்டு எடுப்போம். இல்லேன்னா எனக்க வீட்டுக்காரி கையில மிக்ஸியக் குடுத்து ஒரு போட்டோ. ஆரு கேக்கப்போறா?"

"ஜெபம் பண்ணித்தானடே எடுத்தோம். இப்போ கர்த்தர்கிட்ட, சீட்ட மாத்திட்டோம்னு நான் போய்ச் சொல்லணுமா? இல்ல நீ சொல்லுவியா?"



சனிக்கிழமை காலையில் மிக்ஸிப் பெட்டியைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டாள். நானும் வரட்டுமா என்றார் யோசுவா.

"நீங்க வந்தா, இதாக்கும் பாய்னு ஒங்களப் பிடிச்சுக்கிடுவாங்க. கடையப் பாருங்க."

கிழக்கேகோட்டையில் நெடுமங்காடு பஸ். அங்கிருந்து பொன்முடி பஸ். பெட்டி முழுவழியும் மடியில். கல்லாற்றில் இறங்கியபோது கால் மரத்துப்போயிருந்தது. சாயாக்கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒரு முப்பது வயதுப் பெண் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் ஆற்றிய கை நின்றது.

"நேர்லயும் வந்தாச்சா?" என்றாள் ரெம்யா.

"போன்ல நம்பலியே. அதான் வந்தேன்."

ரெம்யா சிரிக்கவில்லை. போன வருஷம் காரே விழுந்திருக்கிறது என்று ஒருவன் சொல்லி, வரி கட்ட மூவாயிரம் வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னாள். "சேச்சியோட வெப்சைட்ல கடை எந்தத் தெருன்னு இல்ல. அதுல போட்டிருக்கிற நம்பருக்கு விளிச்சா மணியே அடிக்கல. அந்தத் தலைப்பாகைக்காரன், நெய் விக்கிற இன்னொரு வெப்சைட்லயும் இதே சிரிப்பு சிரிச்சிட்டு நிக்கிறான். ஞான் எங்ஙனே நம்பும்?"

ரெம்யா சொல்வது எல்லாம் சரிதான். ராஜபாயே கூட அந்தக் கடையில் வாங்கியிருக்கமாட்டாள்.

"அவ்வளவு சந்தேகம் இருந்தும் எதுக்கு மோளே பேரு எழுதின?"

ரெம்யா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மிக்ஸி கேடாயி ரெண்டு மாசம் ஆச்சு. தோசைக்குச் சட்னி இல்லேன்னா ஆளு ஏறுறதில்ல."

ராஜபாய் பையிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து, கதவு ஆடாமலிருக்க வைத்திருந்த ஆற்றுக்கல்லில் ஒரு தட்டுத் தட்டி, பிளந்து நீட்டினாள். பழக்கம்தான்; யோசித்துச் செய்யவில்லை.

"பாத்துக்கிடு. மினுங்காது."

ரெம்யா வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரம் கடித்தாள். மென்று முடிக்கும்வரை யோசித்தாள்.

"ஐடி கார்டு உண்டோ?"

ராஜபாய் ஆதாரை எடுத்துக் கொடுத்தாள். ரெம்யா எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாக வாசித்தாள். "ராஜபாய்... பெண்." நிமிர்ந்து பார்த்தாள். "இது பெண்ணுங்களோட பேரா?"

"எங்க அப்பா ஆசையா வெச்ச பேரு. எங்க சபையிலேயே மூணு ராஜபாய் உண்டு, கேட்டியா."

அப்போதுதான் ரெம்யா சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பெட்டியை அவளே பிரித்து, தேங்காயும் மிளகாயும் போட்டு ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் ராஜபாய் மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பியும், இரண்டு தோசையும், புதுச் சட்னியும் வந்தன. காசு வாங்க ரெம்யா சம்மதிக்கவில்லை.

புறப்படும்போது மிக்ஸியை நடுவில் வைத்து இருவரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "அந்த மீசையை எடுத்துட்டு இதைப் போடுங்க" என்றாள் ரெம்யா.

சஜி போட்டான். கடைத் தெருவையும், அடிக்கிற போன் நம்பரையும் சேர்த்தான். பெயரையும் ராஜபாய் என்று ஒட்டி எழுதினான். மாமியார் என்று கிண்டல் செய்திருந்தவருக்குக் கீழே ரெம்யாவே எழுதியிருந்தாள்: 'மிக்ஸி என் கடையில் ஓடுகிறது, வந்து பார்க்கலாம். ஆளைப் பற்றிக் கேட்கவேண்டுமானால் என்னைக் கேளுங்கள்.' சஜி அதை வாசிக்க வாசிக்க, ராஜபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பழைய பெயர் மட்டும் முழுசாகப் போகவில்லை. போன வாரம் கடை போன் அடித்தது. யோசுவா எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ, பாய் உண்டா என்று கேட்டார்கள்.

யோசுவா திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு வாடிக்கைக்காரருக்குக் கருப்பட்டி பிளந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"உண்டு. உடைச்சுட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டினார். "பாயே, ஒங்களுக்குத்தான்."