ஏரி என்றால் கரை

தொண்ணூறுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு மரம் வெட்டும் வேலை. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வெளிநாட்டில் விமானத்திலிருந்து லேசர் அடித்து நிலத்தை அளப்பார்கள். ஒளி எதில் பட்டுத் திரும்பினாலும் அது ஒரு புள்ளி. மரம், புதர், கூரை எல்லாமே புள்ளி. அவற்றை நீக்கிவிட்டு, அடியிலிருக்கும் தரையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கண் எரியும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் புள்ளிதான். என்ன பிழைப்போ.

மரமாவது தேவலை. இலை இடுக்கில் நுழைந்து கொஞ்சம் ஒளி தரையைத் தொட்டுவிடும். அடர்ந்த நாணல் அதற்கும் வழிவிடாது. ஒரு தடவை, ஏரி ஒன்றைச் சுற்றி மேடாக ஒரு வரி தெரிந்தது. ஏரி என்றால் கரை இருக்கும்தானே. நானும் பக்கத்து சீட் பெண்ணும் யோசிக்கவே இல்லை, தரை என்று விட்டுவிட்டோம். மொத்த வேலையும் திரும்பி வந்தது. அந்த ஊர் ஏரிக்குக் கரையே கிடையாதாம். அத்தனையும் ஆளுயர நாணலாம்.

"என்ன மேடம், ஏரின்னா உடனே கரை கட்டிடணுமா?" என்றார் டீம் லீடர். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம்.

அப்பா ரிட்டையர் ஆனதும் முடிச்சூர் பக்கம் வீடு கட்டியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி, வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் உயரமான கரை. அந்தக் கரையை நம்பித்தான் அங்கே மனை வாங்கினார். வருகிறவர்களை எல்லாம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டுவார். கரை நெடுக சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும்.

நாணல் வேலை திரும்பி வந்த அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்த மாடிக்குப் போனேன். கரையைப் பார்த்ததும் அந்த நாணல்தான் ஞாபகம் வந்தது.

"அப்பா, முள்ளுதாம்ப்பா தெரியுது. மண்ணே தெரியலையே."

"லீவு நாள்லயும் ஆபீஸ் வேலைதானா? பேசாம போய்த் தூங்கு."

தூக்கம் எங்கே வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். முள் கையைக் கிழிக்கக் கிழிக்க உள்ளே நுழைந்தால், அந்தப் பக்கம் கரை இல்லை. ஏரிக்குள் லாரியை விட்டு யாரோ மண்ணை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் சுவர் கனத்துக்குக் கொஞ்சம் மண், அதைப் பிடித்துக்கொண்டு கருவேல வேர். அவ்வளவுதான் மிச்சம்.

அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து வேரோர மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"மழைக்கு இன்னும் நாள் இருக்குல்ல?"

"ஐப்பசி பொறந்தாச்சுப்பா."

சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னோம். பார்க்கலாம் என்றார்கள். ஆபீசில் தப்பு என்றால் திரும்பி வரும், மறுபடி செய்யலாம். இதை யாருக்குத் திருப்பி அனுப்புவது? எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் சித்தப்பா வந்திருந்தார். தூறல் விட்டதும் அப்பா அவரை வழக்கம்போல மாடிக்குக் கூட்டிப்போனார்.

"அதோ பாரு, கரை. எவ்ளோ மழை வந்தாலும் நமக்கு பயமே இல்ல."

நான் காபி டம்ளரோடு பின்னாலேயே நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.