கீழ்க்கொம்பின் கன்றுகள்

நோல்ஃபா கர்ராஸ்கோ வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட அதில் சாயம் பூசவில்லை. ரெங்கோ ஊரில் எங்கள் பழ ஆராய்ச்சித் தோட்டத்தில், பீச் மொட்டு விரியும் முன்பே அந்த நகத்தால் இதழையும் மகரந்தப் பைகளையும் கிள்ளி எறிந்துவிட்டு, வேறு மரத்தின் மகரந்தத்தைத் தடவுவது அவள் வேலை. ஒவ்வொரு பூப்பருவத்துக்கும் புதிதாக ஆள் எடுப்பார்கள். இருபத்திரண்டு பருவங்களில் அவள் பெயர் ஒருமுறையும் விடுபட்டதில்லை.

அவள் கைபட்டு உண்டான கன்றுகளின் இலைகளை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினோம். இனிப்புக்குரிய மரபணு எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட, தாய்மரமும் தந்தைமரமும் ஐயமின்றித் தெரிய வேண்டும். முடிவு வந்தது. தாய் சரி. தந்தை நாங்கள் குறித்த மரம் அல்ல.

"பூவுல தேனீ உக்காந்திருக்கு, அக்கா. இதழை ஒழுங்கா எடுக்கலியா?" என்றார் எங்கள் ஆய்வுத் தலைவி டாக்டர் இத்தூர்ரா. "கன்னு அத்தனையும் பிடுங்கணும். அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட முடியுமான்னு தெரியல."

நோல்ஃபா நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரே வந்தார். "தேனீ இல்லக்கா. தேனீன்னா பல அப்பன் இருக்கும். இதுல எல்லாத்துக்கும் ஒரே அப்பன். மகரந்தக் குப்பி மாறியிருக்கு. எலியோதோரோவைத்தான் கேக்கணும்."

குப்பிகளைப் பாதுகாப்பவன் எலியோதோரோ. நோல்ஃபா வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவனோடு போயிருக்கும்.

"அவனை விடுங்க டாக்டரம்மா. என்கூட வாங்க."

நாங்கள் தந்தையாகக் குறித்திருந்த மரத்தடிக்கு எங்களை அழைத்துப்போனாள். "இந்தக் கன்னுகளுக்கு மகரந்தம் எடுத்த வருஷம் முழங்கால் ஏணி ஏற விடல. இந்தத் தாழ்வான கொம்புலதான் பூ பறிச்சு அவன்கிட்ட குடுத்தேன்."

டாக்டர் மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். கொம்பு ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே, மரத்தைத் தாங்கும் வேறு இன வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருந்தது. நட்ட மரம் வேறு, பூத்த கொம்பு வேறு. அதன் இலையையும் சோதித்தோம். அதுவேதான் தந்தை.

"இனிப்பைத் தேடுற வேலை போச்சு," என்றார் டாக்டர். "ஆனா இந்த வேர்ச்செடி, வேரை அரிக்கிற நூற்புழுவைத் தாங்கும். அது எதனாலன்னு தேடலாம். அப்பன் யாருன்னு தெரிஞ்சிருச்சே, வரைபடத்துக்கு அது போதும். பிடுங்க வேண்டாம்."

அடுத்த பருவப் பட்டியலிலும் நோல்ஃபா பெயர் இருந்தது. ஏணி எலியோதோரோவிடம் போனது.

"அக்கா முடிச்சு வெச்ச கல்யாணத்துல மாப்பிள்ளையே மாறிட்டான்," என்றான் அவன், இறைச்சி அடைத்த எம்பனாடாவைக் கடித்தபடி.

"அதான் இப்ப நீ பொண்ணு வீட்டுக்காரன். மேல ஏறி, சரியான மாப்பிள்ளையாப் பாத்துப் பறி."