பத்து நாள் என்று சொன்னேன்

இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர்களை மறுநாளே எழுப்பி நடக்கவைப்பதுதான் எங்கள் பிசியோதெரபிஸ்ட் பிழைப்பு. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்குத்தான் வாழ்த்து, அதுவரைக்கும் திட்டு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கும் இந்தப் பழக்கம் இருக்கும்: முதல் நாள் எத்தனை அடி வைக்கிறார் என்று பார்த்தே, எத்தனை நாளில் வீட்டுக்குப் போவார் என்று சொல்லிவிடுவது. தாம்பரம் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு நோட்டு போட்டிருந்தேன். திமிர், வேறென்ன.

பலித்தது

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். வாக்கரைக் கையில் கொடுத்ததும் விடுவிடுவென்று ஜன்னல் வரை போய்விட்டார். அங்கேதான் போனுக்கு டவர் கிடைக்கிறதாம்; பட்டறையில் ஆளுங்க சும்மா உட்கார்ந்திருப்பாங்களோ என்று கவலை அவருக்கு. நாலாம் நாள் வீட்டுக்குப் போயிடுவீங்க என்றேன். அப்படியே போனார். கிளம்பும்போது வார்டே கேட்கச் சொன்னார்: "சார், நீங்க பிசியோவே இல்ல, ஜோசியர். என் பொண்ணு ஜாதகத்தையும் கொண்டாரேன், பாத்து சொல்லிடுங்க."

பின்பக்கத்து முடிச்சு

அந்தப் பேச்சில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம், சேலையூரில் மாடி வீட்டில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு டீச்சரம்மா வந்தார். புனேயிலிருந்து மகன் ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தார். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் பிள்ளை வீட்டில் தங்கப்போகிறான் என்று ஆபரேஷனுக்கு முன்பே எல்லா சிஸ்டரிடமும் சொல்லிவைத்திருந்தார் அந்த அம்மா.

மறுநாள் எழுப்பப் போனால் அசையவே இல்லை. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, வேணாம் தம்பி, வலிக்குது என்றார். ஓர் அடி கூட வைக்கவில்லை. வெளியே மகன் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நோட்டைப் புரட்டிவிட்டு, பத்து நாள் என்று அடித்துச் சொன்னேன். அப்படியென்றால் லீவை வீணாக்காமல் பத்தாம் நாள் வருகிறேன் என்று சாயங்காலமே புனேவுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை போனால், டீச்சரம்மா பாத்ரூம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. பக்கத்தில், பம்மலிலிருந்து வார்டு ஆயா வேலைக்கு வரும் கன்னியம்மா அக்கா. இது எப்படிக்கா என்றேன். "இன்னா சார் நீ, ஆஸ்பத்திரி கவுனு பின்னால தொறந்துகினு கீது, ஆம்பள முன்னால அந்தம்மா எப்டி எய்ந்துக்கும்?"

தப்பாத கணக்கு

நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். மகனுக்கு நானே போன் போட்டேன். வேலையில் சேர்ந்துவிட்டாராம், இனி லீவு கிடையாது என்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் வர முடியுமாம். அந்த அம்மாவைத் தனியாக அனுப்பவும் வழியில்லை. பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, தினமும் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலியா, கூச்சமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு சிஸ்டரையாவது கூப்பிட்டு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன நோட்டு கையில் இருக்க, எனக்கு எதற்குக் கேள்வி?

அந்த ஞாயிறு பத்தாம் நாளாக வந்து வாய்த்தது. மகன் வந்தார். அதற்குள் அம்மாவோடு இருக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார். வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏற வேண்டும். லிஃப்ட் வரை கூடப் போய், என்னை மன்னிச்சிடுங்கம்மா என்றேன். டீச்சரம்மா கோபப்படவே இல்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பத்து நாள்னு சொன்னீங்க, பத்து நாளே ஆயிடுச்சு. உங்க கணக்கு தப்பல தம்பி, எனக்குத்தான் பிள்ளையோட ஒரு வாரம் போச்சு."

இந்த ஜோசியமும் ஒரு நாள்கூடப் பிசகாமல் பலித்துவிட்டதால் அன்றோடு நோட்டை மூடிவிட்டேன், இப்போதெல்லாம் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் அடியை எண்ணுவதற்கு முன்னால் நைட்டி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.