ஆபீஸ் பார்க்காத கம்பெனிக்காரி

கம்பெனிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் நாத்தனார். கிண்டலுக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாரப் பத்திரிகையில் அவள் எழுதிய தொடர்கதைகள் எல்லாமே கம்பெனிக் கதைகள். மாமனாரின் பங்குகளைச் சத்தமில்லாமல் வாங்கிப்போடும் மருமகன், பதவி உயர்வுக்காக நண்பனையே காட்டிக்கொடுக்கும் மேனேஜர், போர்டு மீட்டிங்கில் எல்லோரையும் வாயடைக்க வைக்கும் முதலாளியம்மா என்று வாரம் தவறாமல் யாராவது யாருக்காவது குழி பறித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எந்தக் கம்பெனியில் டைரக்டராக இருக்கிறீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதினார். கையில் இருக்கும் பங்குகளை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொருவர் யோசனை கேட்டார். பாவம், அவர் யாரிடம் போய்க் கேட்டார்! கல்யாணத்துக்கு முன் ஒரு துணிக்கடையில் பில் போட்டதோடு அவளுடைய உத்தியோகம் முடிந்துவிட்டது. ஆபீஸ் என்ற ஒன்றுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

அவளுக்கு ஆபீஸ் என்றால் வீட்டுக்காரர்தான். பம்பு செய்யும் கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தார். சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீயோடு சமையலறை முக்காலியில் உட்கார்ந்தால் போதும், இவள் காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள். இன்று யார் லீவு, ஏசியை யார் குறைத்தது, புது நாற்காலி யாருக்கு வந்தது, அப்படியானால் பழைய நாற்காலி யார் தலையில் கட்டப்பட்டது என்று ஒன்றையும் விடமாட்டாள்.

"உங்க ஜி.எம்.முக்குக் கோவம் வந்தா கண்ணாடியைக் கழட்டுவாரா, மாட்டுவாரா?"

"எனக்கெப்படித் தெரியும்? அவர் கத்தும்போது நான் தரையைத்தான் பார்த்துட்டு நிப்பேன்."

"தரை எப்படி இருக்கும்?"

"போலீஸ் விசாரணையே தேவலைம்மா," என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் உலகத்தில் அவர் பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்க வேறு யார் இருந்தார்கள்? உள்ளூர அவருக்கும் பெருமைதான்.

அவரிடம் ஒரு குறை உண்டு. அவர் சொல்லும் எதற்கும் முடிவு இருக்காது. பெரிய சண்டை ஒன்றை மூச்சுவாங்கச் சொல்லிக்கொண்டு வருவார். சரி, கடைசியில் யார் ஜெயித்தது என்று கேட்டால், "ஃபைல் மேல போயிருக்கு, பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க," என்று டீயை உறிஞ்சுவார். மேலே போன ஃபைல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. முடிவை எல்லாம் இவள்தான் எழுத வேண்டும். அந்த ஏற்பாடு இத்தனை வருடமாக இருவருக்கும் ஒத்துப்போனது.

இப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர் சக்கைப்போடு போட்டது. பத்திரிகை ஆசிரியர் அவராகவே போன் செய்தார். "இந்த மூணு மாசமா கதை பிச்சுக்கிட்டுப் போகுதும்மா. இப்படியே போனா புத்தகமாவே போட்டுடலாம்," என்றார். இதுவரை அவள் பெயரில் புத்தகம் என்று ஒன்று வந்ததில்லை. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

உண்மையில் அந்தப் புகழ் பாதி வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. கொஞ்ச நாளாக அவர் அள்ளி அள்ளிக் கொடுத்தார். அடுத்தவன் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட ஸ்டோர்ஸ் மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் மாட்டிக்கொண்டான். கோள்சொல்லி ஒருவன் சொன்ன கோள் அவன் தலையிலேயே விடிந்தது. அவளுக்கு எழுதுகிற வேலைதான் பாக்கி.

அன்று அவர் சொன்னது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ஜி.எம். ஒரு சாதாரண கிளார்க்கிடம் மன்னிப்பு கேட்டாராம்.

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. எழுந்து நின்னு கேட்டார். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு."

கத்தி பீன்ஸ் மேலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடமாகத் தரையைப் பார்த்த மனிதர் எப்போது ஜி.எம்.மின் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்? யோசித்தால், இப்போதெல்லாம் எந்த ஃபைலும் மேலே போவதில்லை. கெட்டவன் எவனும் தப்புவதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு கதை, அந்த டீ ஆறுவதற்குள் அதற்கு ஒரு முடிவு. நிஜ ஆபீஸ் இப்படி நடக்காது என்று ஆபீஸே பார்க்காத அவளுக்குத் தெரிந்தது. ராத்திரி அவர் குறட்டை விட்டுத் தூங்க, இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் அவர் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப்போன பிறகு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே பேட்டரிக் கடை. அவள் தன் கதைகளில் விரித்த கம்பளங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள்.

"அவரா? அவர் போய் மூணு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. பர்ச்சேஸ் பிரிவையே மூடிட்டாங்க. இப்ப எல்லாம் ஹெட் ஆபீஸ்லயே பார்த்துக்கறாங்க. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க," என்றாள். சொல்லும்போதே அது பொய்யாகத் தோன்றியது.

அழுகை முட்டியது. ஆனாலும் அவளுடைய பாழாய்ப்போன ஆர்வம் அடங்கியதா? அவர் இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அந்தப் பெண் நல்ல மாதிரி, கூட்டிப்போய்க் காட்டினாள். ஜன்னலோரம் இருந்த அந்த மூலையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். எதிரே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவர்தான் ஜி.எம். என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள். வருடக்கணக்காக அவள் பயந்து பயந்து எழுதிய மனிதர் அவர்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். முக்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று தொடங்கினார்.

"நான் இன்னைக்கு உங்க ஆபீஸுக்குப் போயிருந்தேன்."

டீ டம்ளரைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேட்க அவளிடம் ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "மூணு மாசமா நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எங்க வெச்சு சாப்பிட்டீங்க?"

"பார்க்ல. பெஞ்சு இருக்கு."

"மழை பெய்ஞ்சா?"

"பஸ் ஸ்டாண்ட்ல."

அவள் அழுதுவிட்டாள். கோபம், அவமானம், பரிதாபம் எல்லாம் ஒன்றாக வந்தது. அவர் மெதுவாகச் சொன்னார். காலையில் நாலு இடத்தில் வேலை கேட்பாராம். மீதி நேரம் லைப்ரரி. கம்பெனி கொடுத்தனுப்பிய தொகையைச் சம்பளம் மாதிரி மாதாமாதம் வீட்டுக் கணக்கில் போட்டாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"முதல் நாளே சொல்லத்தான் வந்தேன். நீ டீயைக் கையில கொடுத்து, இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்னு கேட்டே. உன் முகத்தைப் பார்த்தேன். ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டேன்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஜி.எம்.மின் கண்ணாடி வரை கேட்டவள், எதிரே உட்கார்ந்திருந்தவர் இளைத்திருப்பதைக் கவனிக்கவில்லை. பனியன் இப்போது தோளில் தொளதொளவென்று தொங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இந்தத் தொடரும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். அடுத்த வாரத்தோட முடிச்சுக்கறேன்னு ஆசிரியர்கிட்ட சொல்லிடறேன்."

வேலை போனதைச் சொன்னபோதுகூடப் பதறாத மனிதர் இப்போது எழுந்தே விட்டார்.

"ஐயையோ, முடிச்சிடாதே. அந்த கிளார்க்கை இனிமேதான் மேனேஜர் ஆக்கணும். எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்." அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குன்னு இப்ப இருக்கிறது அந்த ஒரு ஆபீஸ்தாம்மா. அங்கேர்ந்தும் என்னை அனுப்பிடாதே."